பழைய 3டிஎக்ஸ்: பிரேக் ஆயில் குறைகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை

காரவள்ளிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2007 மாடல் ஜேசிபி 3டிஎக்ஸ், கிர்லோஸ்கர் இன்ஜின் போட்ட வண்டி. டூ வீல் டிரைவ்தான். நான் மூன்றாவது ஓனர். வண்டி ஓடிய மணியைக் காட்டும் அவர் மீட்டர் பதினாலாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. ஆனால் நடுவில் மீட்டர் இரண்டு வருடம் செத்துக் கிடந்ததாக விற்றவரே சொன்னார், அதனால் அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. ஓனரும் நானே, ஆப்பரேட்டரும் நானே.

ஊர் கொல்லிமலை அடிவாரம். வேலை பாதி கீழே, பாதி மேலே. காப்பித் தோட்டத்துக்குப் பாதை வெட்டுவது, வாழைக்கு நிலம் திருத்துவது, வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது என்று மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது மலை ஏறி இறங்க வேண்டும். அந்த ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும், எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பயம் இல்லை. இறங்கும்போதுதான்.

பிரச்சினை இதுதான். ஆறேழு மாதமாக பிரேக் ஆயில் குறைகிறது. முதலில் மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றினேன், இப்போது வாரத்துக்கு கால் லிட்டர் போகிறது. வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, பைப் முழுவதும் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டேன். எங்கும் ஈரம் இல்லை. பின் ஆக்ஸிலின் ஹவுசிங் (வெளிக்கூடு) மேலே மட்டும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் ஒட்டியிருக்கிறது. அது பழைய வண்டிக்கு எப்போதும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

பெடல் முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்குகிறது, இரண்டாம் மிதியில் பிடிக்கிறது. பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது. போன மாதம் மேலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் மூன்று தடவை மிதித்தும் வேகம் குறையவில்லை. முன் பக்கெட்டைத் தரையில் இறக்கித்தான் நிறுத்தினேன். தார் ரோட்டில் இரண்டு கோடு விழுந்தது. எதிரே வந்த பஸ் டிரைவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நாமக்கல்லில் லாரி வேலை பார்க்கும் ஒருவர், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்றார். மாற்றினோம். ஒன்றரை மாதம் நன்றாக இருந்தது, திரும்பவும் அதே கதை. ரப்பர் கிட் போட்டார், அதுவும் அப்படியே. இப்போது பிரேக் பிளேட் தேய்ந்துவிட்டது, ஆக்ஸில் முழுவதையும் இறக்க வேண்டும் என்கிறார். எனக்கு இரண்டு கேள்வி. பிளேட் தேய்ந்தால் ஆயில் எப்படிக் குறையும்? பிளேட் மாற்ற ஆக்ஸில் முழுவதையும் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

டிப்பர் ராஜ்யம்:

பிளேட் தேயத் தேய பிஸ்டன் முன்னே வரும், ஆயில் லெவல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். நல்ல கம்பெனி பிரேக் ஆயில் டாட் 3 வாங்கி ஊற்றி, லைனில் நிற்கும் ஏரை எடுத்துவிட்டு ஓட்டுங்கள் நண்பா. என் டிப்பருக்கு அதுதான், ஒரு தொல்லையும் இல்லை.

பழைய ஸ்பேனர்:

மேலே சொன்ன தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், டிப்பருக்கு அது சரி. ஆனால் இந்த வண்டிக்கு அதை ஊற்றினால் வேலை கெடும்.

காரவள்ளித் தம்பி, உன் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது, நீ அதைப் பிசுக்கு என்று தாண்டிப் போய்விட்டாய். எழுந்து போய் மூன்று காரியம் செய்துவிட்டு வந்து எழுது. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு ஸ்பேனரும் போதும்.

முதலாவது, டம்ளரில் பாதித் தண்ணீர் எடு. பிரேக் ரிசர்வாயரிலிருந்து நாலு சொட்டு எடுத்து அதில் விடு. எண்ணெய் மாதிரி மேலே மிதக்கிறதா, தண்ணீரோடு கரைந்து காணாமல் போகிறதா?

இரண்டாவது, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இரண்டு பக்கெட்டையும் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, பின் ஆக்ஸில் நடு ஹவுசிங்கின் லெவல் பிளக்கை மெதுவாகத் திற. அடியில் ஒரு சட்டி வை. ஆயில் ஓரத்தில் நிற்கிறதா, குபுகுபு என்று ஊற்றுகிறதா? நிறம் என்ன?

மூன்றாவது, இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தாழைப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றாக மிதித்து அரை நிமிடம் அழுத்திப் பிடி. எந்தக் கால் மெதுவாகக் கீழே போகிறது?

பிளேட் தேய்ந்தால் லெவல் ஒரு விரல் இறங்கும், அதோடு நிற்கும். வாரம் கால் லிட்டர் குடிக்காது.

காரவள்ளிக்காரன்:

அண்ணா, பார்த்துவிட்டேன். கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

டம்ளரில் விட்டது மிதக்கவில்லை. கொஞ்ச நேரம் கோடு கோடாகச் சுழன்றது, விரலை விட்டுக் கலக்கினேன், சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. நான் இத்தனை நாளும் ஊற்றியது லாரிக்கு ஊற்றும் பிரேக் ஆயில்தான். வண்டி வாங்கும்போது அதே டப்பாவைத்தான் டூல் பாக்ஸில் வைத்துக் கொடுத்தார்கள்.

லெவல் பிளக் மூன்று மரை தளர்வதற்குள் ஊற்ற ஆரம்பித்துவிட்டது. சட்டி நிறைந்து, இன்னொரு வாளி வைத்தேன். நாலு லிட்டருக்குக் குறையாது. நிறம் ஆயில் மாதிரியே இல்லை, பால் அதிகம் விட்ட டீ மாதிரி இருந்தது.

இடது பெடல் கல் மாதிரி நிற்கிறது. வலது பெடல் மெதுவாகத் தரைக்குப் போகிறது.

பழைய ஸ்பேனர்:

சரி. வயிற்றைக் கலக்க வேண்டாம், நோய் தெரிந்துவிட்டது.

இந்த வண்டியின் பிரேக் லாரி மாதிரி டிரம்மில் இல்லை. பின் ஆக்ஸிலுக்குள்ளே, கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரம் இருக்கும் நடு ஹவுசிங்குக்கு இரண்டு பக்கமும், பிளேட் என்று நீ சொன்ன தட்டுகளை, ஒரு தட்டு ஷாஃப்டோடு சுற்றுவது, ஒரு தட்டு நகராமல் நிற்பது என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். சுற்றும் தட்டில் உராய்வுப் பூச்சு உண்டு, நிற்பது வெறும் ஸ்டீல். அடுக்கு முழுவதும் கியர் ஆயிலில் முங்கிக் கிடக்கும். பெடலை மிதித்தால் வளையம் போல ஒரு பிஸ்டன் அந்த அடுக்கை நெருக்கும். சக்கரத்துக்கு முன்னால் ஹப்பில் இன்னொரு கியர் குறைப்பு இருப்பதால், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் உள்ளே ஷாஃப்ட் பல சுற்று வந்துவிடும். அதனால்தான் சின்னத் தட்டுகள் ஏழரை டன் வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றன.

அந்த வளையப் பிஸ்டனுக்கு இரண்டு சீல். சீலுக்கு ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறு பக்கம் ஆக்ஸில் ஆயில். சீல் போனால் பிரேக் ஆயில் எங்கே போகும்? வெளியே வராது தம்பி, வீட்டுக்குள்ளேதான் போகும். அப்படித்தான் உன் கால் லிட்டர் ஒவ்வொரு வாரமும் ஹவுசிங்குக்குள் இறங்கியது. உள்ளே லெவல் ஏறி, சூடானதும் மேலே காற்று போக இருக்கும் துளை, பிரீதர், அதன் வழியாகக் கசிந்தது. அதுதான் உன் பிசுக்கு.

சீல் ஏன் போனது? டம்ளர் சொல்லிவிட்டது. இந்த வண்டிக்குப் பிரேக்கில் மெல்லிய ஹைட்ராலிக் ஆயில், அதாவது மினரல் ஆயில். உள்ளே இருக்கும் ரப்பரும் அதற்கு ஏற்ற ரப்பர். லாரி பிரேக் ஆயில் வேறு இனம், தண்ணீரோடு கலக்கும் இனம். அது இந்த ரப்பரை உப்பவைத்து நாசமாக்கும். உன் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றரை மாதத்தில் போனதும், கிட் போட்டும் நிற்காததும் அதனால்தான். அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லாதே, அவர் தன் வண்டி வழக்கப்படி செய்தார். யார் என்ன சொன்னாலும் ரிசர்வாயரிலும் மேனுவலிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்று. வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மினரல் ஊற்றிவிடாதீர்கள், தலைகீழாக ஊற்றினாலும் இதே கதிதான்.

ஆக்ஸில் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. டயரைக் கழற்றி, அந்தப் பக்கத்து ஆக்ஸில் கையை, அதாவது நடு ஹவுசிங்கிலிருந்து சக்கரம் வரை போகும் கூட்டை, மட்டும் ஹப்போடு சேர்த்து வெளியே இழுத்தால் அடுக்கு கைக்கு வரும். கிரவுனைத் தொட வேண்டாம். ஆனால் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் பிரி. இடது பக்கம் இன்று நன்றாக நிற்கிறது என்று விட்டால் மூன்று மாதத்தில் அதற்கும் டயர் கழற்றுவாய். அதே ஆயிலைத்தான் அதுவும் குடித்திருக்கிறது.

போடி ஆப்பரேட்டர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. பிரிக்கும்போது எந்தப் பக்கத்துப் பிளேட் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வயலில் வண்டியைச் சட்டென்று திருப்ப, தாழைப் பிரித்து ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதிக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. எனக்கு எப்போதும் வலது. என் வண்டியில் இடது பிளேட்டின் மேல் வெட்டியிருக்கும் வரி முக்கால்வாசி இருந்தது, வலதில் மழமழ. அப்புறம் ரோட்டுக்கு வரும்போது தாழைப் போட மறப்பது இன்னொன்று. ஒரு பெடலை மட்டும் மிதித்து வண்டி குறுக்கே போய் நின்றவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

காரவள்ளிக்காரன்:

நானும் வலதுதான் அண்ணா. பழகிவிட்டது.

வீட்டு வாசலிலேயே பிரிக்கலாமா, இல்லை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போக வேண்டுமா? கம்பெனி சர்வீஸில் கேட்டால் நாள் ஆகும் என்கிறார்கள். மழை பிடிப்பதற்குள் மேலே ஒரு தோட்டத்து வேலை முடிக்க வேண்டும். என் மச்சான் ஒருவன் உதவிக்கு இருக்கிறான். செயின் பிளாக் இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:

சிமென்ட் தரை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். மண் தரையில் கூடவே கூடாது. வண்டியை அங்கே ஓட்டிப் போகும் அளவுக்கு மட்டும் ஓட்டு, அதுவும் முதல் கியரில். மலைப் பக்கம் தலை வைக்காதே.

தூக்குவதில்தான் ஆள் சாகிறார்கள், அதனால் அதை நீட்டிச் சொல்கிறேன். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. முன் பக்கெட் தரையில். பின்னால் தோண்டும்போது ஊன்றும் ஸ்டெபிலைசர் காலை ஊன்றி வண்டியைத் தூக்கலாம். தூக்கியதும் சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டோ ரயில்வே ஸ்லீப்பர் கட்டையோ குறுக்கு நெடுக்காக அடுக்கி, வண்டியை அதன் மேல் உட்காரவை. எடை கட்டையில் நிற்க வேண்டும், ஸ்டெபிலைசரில் அல்ல. ஹைட்ராலிக்கை நம்பி அடியில் போகாதே, ஒரு ஹோஸ் விட்டால் வண்டி சொல்லிக்கொண்டு இறங்காது. பின் டயர் 16.9-28, தண்ணீர் ஏற்றியிருந்தால் இன்னும் கனம். அதை இரண்டு பேர் கையால் பிடித்து நிறுத்தலாம் என்று நினைக்காதே, செயின் பிளாக்கில் மாட்டிவிட்டு நட்டைக் கழற்று.

நடு ஹவுசிங், இரண்டு ஹப், மூன்றிலும் ஆயிலை வடி. கையும் ஹவுசிங்கும் சேரும் இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு குறி போடு, திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். கையைச் செயின் பிளாக்கில் சமமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றி, நேராக வெளியே இழு. தட்டுகளை எடுக்கும்போது ஒவ்வொன்றாக, வந்த வரிசையில், வந்த முகம் மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வை.

சுற்றும் தட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்ட மாதிரி வரி இருக்கும். அந்த வரி தெரிகிற வரைக்கும்தான் தட்டுக்கு ஆயுள். வரி மறைந்திருந்தால் தூக்கிப் போடு. ஸ்டீல் தட்டில் நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டது என்று அர்த்தம். நீலம் இல்லாவிட்டாலும் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தை அழுத்திப் பார், ஆடினால் வளைந்துவிட்டது.

பிஸ்டன் உள்ளே இறுகியிருக்கும். கம்ப்ரஸர் காற்றை விட்டுத் தள்ளாதே, குண்டு மாதிரி வரும், விரல் போகும். ஹேண்ட் பம்ப் கிடைத்தால் ஆயில் அழுத்தத்தில் மெதுவாகத் தள்ளு. பிஸ்டன் ஓடும் இடத்தில் துரு, கோடு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். நகம் மாட்டினால் புது சீலும் நிற்காது.

புதுத் தட்டை உலர்ந்தபடி போடாதே. ஆக்ஸிலுக்கு ஊற்றப்போகும் ஆயிலில் முந்தின இரவே ஊறப் போட்டுவிடு. அந்த ஆயிலும் சாதாரண 90 நம்பர் கியர் ஆயில் அல்ல. ஆயிலில் முங்கிய பிரேக் உள்ள ஆக்ஸிலுக்கு என்றே உள்ள ஆயில் கேட்டு வாங்கு. சாதாரணத்தை ஊற்றினால் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் எருமை மாதிரி உறுமும், பிடிப்பு விட்டு விட்டு வரும். நிறையப் பேர் அந்த உறுமலைக் கேட்டுத் தட்டு போய்விட்டது என்று பிரிக்கிறார்கள்.

முக்கியமானது இனிமேல்தான். மாஸ்டர் சிலிண்டர் இரண்டிலும் ரப்பர் புதிது. ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. இரும்பு பைப்பைக் கழற்றி ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவை. ரிசர்வாயரையும் அப்படியே. பழைய ஆயில் கொஞ்சம் தங்கினாலும் புது சீலைத் தின்னும்.

காரவள்ளிக்காரன்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வேலை மூன்று நாள்தான், மீதி நாள் பார்ட்ஸுக்கும் ஆயிலுக்கும் அலைந்தது.

வலது பக்கம் பிரித்ததும் மச்சான் சிரித்துவிட்டான். சுற்றும் தட்டில் வரி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை, தோசைக்கல் மாதிரி இருந்தது. ஸ்டீல் தட்டில் இரண்டு நீலம். எதிர்வீட்டில் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தேன், ஒரு தட்டு டக் டக் என்று ஆடியது. கண்ணாடியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தும் அந்த அக்கா இன்னும் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்கிறார்.

சீல் கையில் வந்தது. உள் சீல் வாய் அகன்று, பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது. புது சீலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழசு ஒரு சுற்று பெரிதாக இருந்தது. ஆறு மாதம் நான் காசு கொடுத்து வாங்கி ஊற்றியதுதான் இதைச் செய்தது என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

இடது பக்கம் பிரிக்க வேண்டுமா என்று மச்சான் கேட்டான். எனக்கும் அன்று சாயங்காலம் மனது அப்படித்தான் இருந்தது, டயரைப் பார்த்தாலே முதுகு வலித்தது. ஆனாலும் பிரித்தோம். தட்டில் வரி இருந்தது, மெலிதாக. சீல் மட்டும் உப்ப ஆரம்பித்திருந்தது. அண்ணன் சொன்ன மூன்று மாதம்கூடத் தாங்கியிருக்காது.

ஒரு சந்தேகம். ஏர் எடுத்தோம். இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுத்தபோது பெடல் நன்றாக நின்றது. தாழைப் போட்டுச் சேர்த்து மிதித்தால் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. ஏன்?

பழைய ஸ்பேனர்:

இரண்டு பக்கத்துக்கும் அழுத்தத்தைச் சமமாக்கும் இணைப்பில் காற்று நின்றிருக்கும். அது இரண்டு பெடலும் ஒன்றாக இறங்கும்போதுதான் திறக்கும். தாழைப் போட்டபடி ஒரு தடவை, இரண்டு பக்கத்து ஏர் நிப்பிளையும் மாற்றி மாற்றித் திறந்து ஏர் எடு. நிப்பிளில் மாட்டிய டியூபின் நுனி பாட்டிலில் ஆயிலுக்குள் முங்கியிருக்கட்டும். குமிழி நின்ற பிறகும் பத்து மிதி விடு. ரிசர்வாயர் காலியாக விடாதே, விட்டால் முதலிலிருந்து.

அப்புறம் சமதரையில், ஆள் இல்லாத இடத்தில், மெதுவாக ஓட்டிச் சட்டென்று மிதி. இறங்கி இரண்டு டயர் தடத்தையும் பார், ஒரே நீளம் வர வேண்டும். ஹேண்ட் பிரேக்கையும் தனியாகச் சோதி. அது கேபிளில் ஓடுவது, ஷாஃப்டில் தனி டிஸ்க், இந்த ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மலை இறங்குகிறவனுக்கு அதுதான் இரண்டாவது உயிர். ஓடும்போது அதைப் பிரேக்காகப் பயன்படுத்தி பேடைத் தீய்த்துவிடாதே.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியர். கியர் லீவர் தலையில் இருக்கும் பட்டனை இறக்கத்தில் அழுத்தாதே, அழுத்தினால் டிரைவ் விட்டுப் போகும், இன்ஜின் பிடிப்பு இருக்காது.

காரவள்ளிக்காரன்:

பெடல் நின்றுவிட்டது அண்ணா. மெத்தென்று இருந்ததும் போய்விட்டது. சந்தைத் திடலில் ஓட்டி மிதித்தேன், இரண்டு தடமும் மச்சான் காலடியில் ஆறு அடி, ஒரு கட்டைவிரல் வித்தியாசம். இழுப்பு இல்லை.

நேற்று மேலே போய் வேலை முடித்து இறங்கினேன். இரண்டாம் கியர், பட்டனைத் தொடவில்லை. பக்கெட்டை இறக்கிய அந்த வளைவில் கோடு இன்னும் இருக்கிறது. சாயங்காலம் லெவல் பிளக்கைத் திறந்து பார்த்தேன், ஆயில் ஓரத்தில் நின்றது, நிறம் மாறவில்லை. ரிசர்வாயரில் பேனாவால் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பேன்.

செலவு தெரிய வேண்டியவர்களுக்கு: பார்ட்ஸ், ஆயில், அலைச்சல் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு வார வாடகை. மாஸ்டர் சிலிண்டருக்கு முன்பே இரண்டு தடவை கொடுத்ததை இதில் சேர்க்கவில்லை.

டிப்பர் ராஜ்யம் நண்பருக்கு, என்னிடம் லாரி பிரேக் ஆயில் இரண்டு டப்பா சீல் உடைக்காமல் மிச்சம் இருக்கிறது. சேந்தமங்கலம் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

டிப்பர் ராஜ்யம்:

வியாழக்கிழமை வருகிறேன். என் தம்பியும் பழைய ஜேசிபி ஒன்று வாங்கியிருக்கிறான். நேற்று அவன் ரிசர்வாயரில் நான்தான் ஊற்றினேன். வரும்போது அந்த டம்ளரையும் எடுத்து வையுங்கள்.